‘குயிட் குட்’ (quite good) என்பது பாராட்டா, குறையா? பிரிட்டிஷ் மேலாளர்களுடன் பழகியவர்கள் உதவவும்

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருந்தபடி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலுள்ள ஒரு நிறுவனத்துக்குக் கட்டட வரைபடங்கள் தயாரித்துத் தரும் வேலையைப் பொங்கல் முதல் செய்து வருகிறேன். அங்குள்ள மேலாளர் மின்னஞ்சலில் எழுதும் பதில்களில் எது பாராட்டு, எது திருத்தச் சொல்லும் குறிப்பு என்று பிரித்தறிய முடியாமல் திண்டாடுகிறேன்.

மாடிப்படி வரைபடத்துக்கு ‘நாட் பேட் அட் ஆல்’ என்று எழுதினார். மறுநாளே ஒப்புதல் வந்தது. கழிவுநீர்க் குழாய் வரைபடத்துக்கு ‘குயிட் குட்’ என்றார். அதுவோ பக்கமெங்கும் சிவப்புத் திருத்தங்களுடன் திரும்பி வந்தது.

அகராதிகளைப் புரட்டியதில், ‘குயிட்’ என்பதை அமெரிக்கர்கள் பெரும்பாலும் ‘மிகவும்’ என்ற பொருளிலும், பிரிட்டிஷார் பல நேரங்களில் ‘ஓரளவு’ என்ற பொருளிலும் ஆள்கிறார்கள் என்பது புரிந்தது. பேச்சில் ‘குயிட்’ அழுத்தம் பெற்றால் தயக்கம், ‘குட்’ அழுத்தம் பெற்றால் மெச்சுதல் என்றும் படித்தேன். நம் வீடுகளிலும் ‘பரவாயில்லையே!’ என்று இழுத்தால் மெச்சுதல்தான். ஆனால் மின்னஞ்சலில் குரல் கேட்பதில்லை. ஆங்கில ஆசிரியையான என் அத்தை, இலக்கணப்படி ‘நாட் பேட் அட் ஆல்’, ‘குயிட் குட்’ இரண்டுமே பாராட்டுதான் என்கிறார். மேலாளரிடமே கேட்டபோது, ‘இட்ஸ் ஃபைன்’ என்று மட்டும் பதில் வந்தது.

இரவு வெகுநேரம் விழித்து வரையும் வேலை இது. நன்றாக வந்ததா என்று தெரிந்துகொள்வது எனக்கு முக்கியம்.

எழுத்தில் ‘குயிட் குட்’ என்று மட்டும் வந்தால், வேலை முடிந்ததாகக் கொள்ளலாமா, அல்லது எதைத் திருத்த வேண்டும் என்று உடனே கேட்டு எழுத வேண்டுமா?