எஸ்க்யூஎல்-ல (டேட்டாபேஸ்கிட்ட கேள்வி கேக்குற மொழி) விட்டுப்போன நாளை எண்ணப் போய் மாட்டினவங்க சொல்லுங்க

பால்கணக்கு:
ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. பால் கொள்முதல் டேட்டா என் பொறுப்பு. காலை, மாலை ரெண்டு வேளை. அக்டோபர்னா ஆளுக்கு 62 என்ட்ரி. "போன மாசம் எதாவது விட்டுப்போயிருக்கா?"ன்னு மேனேஜர் கேட்டார். தேதிவாரியா வரிகளைச் சேர்த்து (குரூப் பை), எண்ணிக்கை பூஜ்யமா இருக்குற நாளை மட்டும் கேட்டேன் (ஹேவிங் கவுண்ட் பூஜ்யம்). ஒரு வரிகூட வரல. "எல்லாம் இருக்கு சார்"னுட்டேன்.

மறுநாள் ஒரு அம்மா பால் அட்டையோட வந்தாங்க. பாலிதீன் கவரைப் பிரிச்சு மேசைல வச்சாங்க. 11, 12, 13 மூணு நாளும் நீல மையில காலை 4.2, மாலை 3.6. என் ஸ்கிரீன்ல 10-க்கு அடுத்த வரி 14. வரியே இல்லாத நாளுக்கு குரூப் பை எங்கேர்ந்து பூஜ்யம் காட்டும்?

தேதிராணி:
எல்லா தேதியும் இருக்குற கேலண்டர் டேபிள் போட்டு, டேட்டா இல்லாத தேதியும் விடாம வர்ற மாதிரி லெஃப்ட் ஜாயின் பண்ணுங்க, அவ்ளோதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்னா தேதிகளை வரிசையா உருவாக்குற ஜெனரேட் சீரிஸே இருக்கு.

குளிர்அறை:
அவ்ளோதான் இல்லைங்க. நானும் அப்படி நம்பித்தான் மாட்டினேன். குளிர்பதன அறை, மணிக்கு ஒரு ரீடிங், நாளுக்கு 24. லெஃப்ட் ஜாயின் போட்டுட்டு, அறை எண்ணை, ஜாயின் முடிஞ்சு வடிகட்டுற வேர்-ல (WHERE) வச்சேன். நல் (NULL, மதிப்பே இல்லாத காலி) வந்த நாளெல்லாம் அங்கயே வடிகட்டிப் போயிடுச்சு. அதை ஜாயின் நிபந்தனை எழுதுற ஆன்-க்கு (ON) மாத்தினேன். அப்பவும் போட்டிருந்தது காலி வரியையும் சேர்த்து எண்ணுற கவுண்ட் ஸ்டார்தான். ஒண்ணுமே வராத நாளுக்கும் 1 காட்டுச்சு. "23 குறையுது"ன்னு ரிப்போர்ட் போயிடுச்சு. ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்து, "வந்த அந்த ஒரு ரீடிங் எத்தனை டிகிரி?"ன்னார். கை சில்லிட்டுப் போச்சு. ரீடிங் காலம்ல (column) மதிப்பு இருக்குறதை மட்டும் எண்ணியிருந்தா 0 வந்திருக்கும்.

பழைய டிபிஏ:
எனக்கு மாசக்கடைசி 31 மட்டும் காணாமப் போச்சு. பிட்வீன்னு தேதி வரம்பு குடுத்தா மேல் தேதி, அந்த நாள் தொடங்குற நள்ளிரவோட நின்னுடும். தேதியோட நேரமும் சேர்ந்த டைம்ஸ்டாம்ப்னா "அடுத்த மாசம் 1-க்குக் கீழ"ன்னு எழுதுங்க. சர்வர் யூடிசி-ல (நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னாடி இருக்குற உலக நேரம்) இருந்தா நம்ம காலை 5:30-க்கு முன்னாடி ஏத்தினது முந்தின நாள்ல விழும். பால்கணக்கு, உங்களுக்கு 5:15-க்கே கறவை வந்துடுமே, அதைப் பாருங்க. தேதிப் பட்டியலை அடுத்தடுத்து தானே உருவாக்குற ரிகர்சிவ் வசதி மைஎஸ்க்யூஎல் 5.7-ல கிடையாது, 8.0 வேணும். எஸ்க்யூஎல் சர்வர்ல ரிகர்சிவா 365 நாள் கேட்டா 100-லயே எரர் அடிக்கும், மேக்ஸ்ரிகர்ஷன்ங்கற வரம்பை ஏத்தணும். விட்டுப்போன தேதியைத் தேட நாட் இன் வேண்டவே வேண்டாம், உள்ள ஒரே ஒரு நல் இருந்தா மொத்த ரிசல்ட்டும் காலி. நாட் எக்சிஸ்ட்ஸ் எழுதுங்க.

பால்கணக்கு:
நேரம் சரியாத்தான் இருந்துச்சு அண்ணே. மெஷின் சிம் ரீசார்ஜ் முடிஞ்சு மூணு நாள் டேட்டா வரல. தேதி, வேளை, உறுப்பினர் மூணையும் ஒவ்வொண்ணோடயும் ஒவ்வொண்ணைச் சேர்க்குற கிராஸ் ஜாயின் பண்ணி, விட்டுப்போனதை எடுத்தேன். 41 பேருக்கு 246 வரி. எல்லா அட்டையும் வாங்கிக் கையால ஏத்தினோம், 244தான் வந்துச்சு. ஒருத்தர் அட்டைல 12 மாலையும் 13 காலையும் காலி. மக கல்யாணமாம், பாலை வீட்டுக்கே வச்சுக்கிட்டாராம்.