கணையக் கட்டிக்கு ஸ்டென்ட் வைத்த பிறகும் பான்டோப்ராசோலா? பார்த்ததைப் பகிருங்கள்

ஸ்கோப்அறை:
வயிற்றிலிருந்து கணையக் கட்டிக்குள் (அழற்சியில் செத்த திசுவும் நீரும் தேங்கிய பை) வைத்த ஸ்டென்ட் குழாய் வழியாக உள்ளே போனால் சாம்பல் நிறத் திசு சுவரோடு ஒட்டியபடியே கிடக்கிறது. 15 மி.மீ. ஸ்டென்ட் வைத்து ஒரு வாரம் ஆகியும் கொஞ்சம்கூடக் கழலவில்லை. மருந்துச் சீட்டைப் புரட்டினால் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ராசோல் 40, இரண்டு வேளை. ஐசியூவில் தொடங்கியது, யாரும் நிறுத்தவில்லை. வயிற்றிலிருந்து வழி திறந்தால் அமிலமும் பெப்சின் என்ற செரிமான நொதியும் உள்ளே இறங்கிச் செத்த திசுவைக் கரைக்கும். மாத்திரை அதைத்தான் தடுக்கிறது. 2019-ல் வந்த ஆய்வில் 272 பேர்: மாத்திரை இல்லாதவர்களுக்குச் சராசரி 3.2 முறை சுத்தம் செய்ய வேண்டியிருந்தது, தொடர்ந்தவர்களுக்கு 4.6 முறை.

கணையம்_வார்டு:
ஸ்கோப்அறை சார், அதே ஆய்வின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். மாத்திரை இல்லாதவர்களில் 20.1 சதவீதம் பேருக்கு ஸ்டென்ட் சீக்கிரமே அடைத்தது, தொடர்ந்தவர்களில் 9.5 சதவீதம்தான். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் (ரத்தம் உறையாமல் தடுப்பவை), ஸ்டீராய்டு, பழைய அல்சர் இருந்தால் பான்டோப்ராசோலை நிறுத்தவே கூடாது. வெறும் நீர் நிறைந்த சூடோசிஸ்ட்டில் கரைக்கத் திசுவே இல்லை, நிறுத்தி லாபமும் இல்லை. டியோடினம் (சிறுகுடலின் தொடக்கப் பகுதி) வழியாகத் திறந்திருந்தால் அங்கே பைகார்பனேட் அமிலத்தைத் தணித்துவிடும். இன்னொன்று, யாரும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்லியாக வேண்டும்: கணைய அழற்சி தொடங்கி நான்கு வாரம் ஆனால்தான் பெரும்பாலும் சுவர் கெட்டிப்படும், அதற்கு முன் அவசரப்பட வேண்டாம். வைத்த பிறகு மூன்றாம் வாரம் சி.டி. எடுங்கள். கட்டி சுருங்கியிருந்தால் நான்கு வாரத்துக்குள் ஸ்டென்ட்டைக் கழற்றிவிடுங்கள். விட்டால் அதன் உள்விளிம்பு எதிர்ச்சுவர் ரத்தக்குழாயை உரசும். ரத்தக்கசிவு அப்படித்தான் வருகிறது.

சைட்டாலஜி_மேசை:
அமிலத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். வயிற்றுச் சளியும் ஏமாற்றும். கணையத்தில் இருந்த சிஸ்ட் என்ற நீர்ப்பையிலிருந்து ஊசியில் எடுத்த நீரை விரல்களுக்கிடையே இழுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நூலாக ஒரு விநாடி நின்றது. மியூசினஸ் (சளி சுரக்கும்) சிஸ்ட் என்று எழுதியாயிற்று. ஸ்லைடில் தெரிந்ததோ வயிற்று உட்சுவரின் செல்கள்! வயிற்றைத் துளைக்கும்போது ஸ்டைலெட் என்ற மெல்லிய கம்பி ஊசிக்குள்ளேயே இருக்கட்டும், சிஸ்ட்டுக்குள் போன பிறகு உருவுங்கள். நூலை மட்டும் நம்பாமல் அந்த நீரைச் சிஇஏ (ஒரு கட்டிக் குறிப்பான் புரதம்), குளுக்கோஸ் இரண்டுக்கும் அனுப்புங்கள். சிஇஏ 192 ng/mL-க்கு மேல், குளுக்கோஸ் 50 mg/dL-க்குக் கீழ் என்றால் மியூசினஸ் பக்கம் சாயலாம். எந்த வழியாக ஊசி போட்டீர்கள், வயிறா டியோடினமா என்று படிவத்தில் எழுதி அனுப்புங்கள். அது தெரியாமல் ஸ்லைடு படிக்க முடியாது.