பால் மறக்காத கன்றைக் கப்பலேற்றலாமா?

வெக்ஸ்போர்ட் கயல்:

போன மார்ச் மாதம் தங்கையைப் பிரான்சுக் கப்பலுக்கு வழியனுப்ப அயர்லாந்தின் ரோஸ்லேர் துறைமுகம் போயிருந்தேன். எங்கள் காருக்குப் பக்கத்து வரிசையில் மூன்று தட்டு வைத்த லாரி ஒன்று நின்றது. உள்ளே முழுக்கக் கன்றுகள். காற்றுக்கு விட்டிருந்த சந்து வழியாக ஒன்று மூக்கை நீட்டியது. விரலைக் கொடுத்தேன். பிடித்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது, விடவே இல்லை. மாட்டுத் தொழுவத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த இழுப்பு என்னவென்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு மாதமாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். அயர்லாந்தில் புல் முளைக்கும் காலத்தை ஒட்டித்தான் பசுக்கள் ஈனும். பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் பெரும்பாலான கன்றுகள் விழுந்துவிடும். இவ்வளவு பால்தான் கறக்கலாம் என்று 1984 முதல் இருந்த ஐரோப்பிய ஒதுக்கீடு 2015 மார்ச்சோடு முடிந்தது. அதன்பிறகு இங்கே கறவை மாடுகள் 11 லட்சத்துச் சொச்சத்திலிருந்து 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பசு பெருகினால் காளங்கன்றும் பெருகத்தானே செய்யும்? பால் இனத்துக் காளங்கன்றுக்கு அவ்வளவாகச் சதை பிடிக்காது, உள்ளூரில் பெரிய விலை கிடையாது. அதனால் இரண்டு மூன்று வார வயதிலேயே நெதர்லாந்துக்கும் ஸ்பெயினுக்கும் கன்றிறைச்சிப் பண்ணைகளுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2019இல் மட்டும் ஏறக்குறைய 2 லட்சம் கன்றுகள் வெளிநாடு போயின.

ரோஸ்லேரிலிருந்து பிரான்சின் ஷெர்பூருக்குக் கப்பலில் மட்டும் 18 மணி நேரம் ஆகும். அந்த 18 மணி நேரமும் கன்று லாரிக்குள், லாரி கப்பலின் அடித்தட்டில். பால் கொடுக்க ஆளும் இல்லை, வழியும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டுப் போக்குவரத்துச் சட்டம் பால் மறக்காத கன்றுக்கு 9 மணி நேரப் பயணம், ஒரு மணி நேரமாவது இடைவேளை, மறுபடி 9 மணி நேரம், அதற்குமேல் இறக்கி 24 மணி நேர ஓய்வு என்று சொல்கிறது. பண்ணையில் கன்றுக்கு நாளைக்கு இரண்டு வேளையாவது ஊட்ட வேண்டும் என்பதும் அதே ஒன்றியத்தின் சட்டம்தான். தொழுவத்தில் கட்டாயமாக இருக்கிற இரண்டாவது வேளை லாரியில் ஏறியதும் ஏன் கட்டாயமில்லாமல் போகிறது?

2022இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவியல் குழு, கன்றுக்கு ஐந்து வாரமும் 50 கிலோவும் ஆன பிறகே பயணம் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது. 2023 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் அதையே சட்ட முன்மொழிவில் வைத்தது. என் கருத்தும் அதுதான். ஐந்து வாரம் ஆகாத கன்றை எட்டு மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோகவே கூடாது. கப்பல் நேரம் பயணக் கணக்கில் வராது என்கிற தனிச் சலுகையும் கூடாது.

மன்ஸ்டர் கறவை:

அக்கா, நான் டிப்பரரியில் ஒரு பால் பண்ணையில் ஆறு வருடமாகக் கறக்கிறேன். நீங்கள் படித்துத் தெரிந்துகொண்டது எனக்குத் தினப்படி வேலை. அதனால் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்களிடம் கன்று விழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று லிட்டர் சீம்பால் வயிற்றுக்குள் போயிருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு ஈன்றாலும் எழுந்து போய்க் கொடுப்போம். 14 நாள் ஆகாத கன்றை எட்டு மணி நேரத்துக்கு மேல் ஏற்றிப் போக முடியாது. தொப்புள் காய்ந்திருக்க வேண்டும். கழிச்சல் தெரிந்தால் மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார். ஏற்றுவதற்கு முன், பல பண்ணைக் கன்றுகளைச் சேர்க்கிற கூட்டுமிடத்தில் பால் வைக்கிறார்கள், ஷெர்பூரில் இறக்கியதும் தொழுவத்தில் மறுபடி பால். நடுவில் ஒரு நாள் இடைவெளி, அவ்வளவுதான். இறங்கிய கன்று பால் குடித்தால் சீக்கிரமே தேறிவிடுகிறது. ரத்தச் சர்க்கரையை அளந்து பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

தடை போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? நியூசிலாந்தைப் பாருங்கள். அங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் கன்றுகள் பிறந்து நான்கு நாள் ஆனதும் வெட்டுக்குப் போகத் தொடங்குகின்றன. 12 மணி நேரத்துக்கு மேல் பயணம் கூடாது என்று சட்டமும் இருக்கிறது. பயணம் குறைந்தது உண்மை, ஆனால் கன்று உயிரோடு இல்லையே. நெதர்லாந்து போகிற கன்று ஆறேழு மாதமாவது தின்று வளர்கிறது. இரண்டில் எதைக் கன்றுக்கு நல்லது என்பீர்கள்?

கொங்குப் பால்காரர்:

நான் கோபி பக்கமுங்க. பதினோரு உருப்படி நிக்குது, எல்லாம் கலப்பினம். அயர்லாந்து நமக்குத் தெரியாதுங்க, ஆனா கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான்.

ஐந்து வாரம் வெச்சுக்கோங்கறீங்க. ஒரு கன்னு நாளைக்கு நாலு லிட்டர் குடிக்கும். லிட்டர் 38 ரூபாய்னு வெச்சா நாளைக்கு 152. முப்பத்தஞ்சு நாளைக்கு 5,320 ரூபாய். காளங்கன்னை அதுக்கப்புறம் வித்தா அந்தப் பணம் வராதுங்க. பால் மாவு கரைச்சு ஊத்துனா கொஞ்சம் குறையும், ஆனா அந்த மாவும் சும்மா வர்றதில்லை. இந்த 5,320 யார் தலையில விழுகுது? டீக்கடையில பால் வாங்கறவங்க தலையிலயா, பால் ஊத்தறவன் தலையிலயா? சட்டம் போடறவங்க இதுக்குப் பதில் சொல்லிட்டுப் போடட்டுமுங்க. இல்லைன்னா கன்னைக் கொல்ற பழியும் எங்க மேல, செலவும் எங்க மேல.

நாமக்கல் மருத்துவர் (ஓய்வு):

கணக்கு பற்றிப் பிறகு வருகிறேன். டிப்பரரித் தம்பி “ஒரு நாள் இடைவெளி, அவ்வளவுதான்” என்று எழுதியது கண்ணை உறுத்துகிறது.

மூன்று வாரக் கன்றுக்கு அசை போடும் வயிறு இன்னும் வேலைக்கு வரவில்லை. வைக்கோலோ புல்லோ போட்டால் பசி ஆறாது. அதற்கு உணவு பால் மட்டும்தான். அது காம்பைச் சப்பும்போது உணவுக்குழாயின் கீழே ஒரு மடிப்பு மூடிக் குழாய் போலாகி, பாலை நேரே நான்காவது இரைப்பைக்குக் கொண்டுபோகிறது. அங்கே பால் உறைந்து மெல்ல மெல்லச் செரிக்கிறது. தாயிடம் விட்டால் இந்த வயதில் நாளைக்கு ஐந்தாறு தடவை குடிக்கும். லாரியில் இருக்கிற இரும்பு நிப்பிளில் வருவது தண்ணீர். அதைக் கடித்தால் வரும் என்றே பல கன்றுகளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் தண்ணீர் உணவாகாது. பாலைக் கொடுக்க வேண்டுமானால் உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கன்றுக்கும் காம்பு வேண்டும், குடித்தபின் அசையாமல் கிடக்கச் சில மணி நேரம் வேண்டும். மூன்று தட்டு லாரியின் நடுத்தட்டில் நிற்கிற கன்றுக்கு யார் போய்க் கொடுப்பது?

ரத்தச் சர்க்கரை ஏறிவிடுகிறது என்பது சரி. அது பசித்துக் கிடந்த நேரத்தை இல்லாமல் செய்துவிடாது.

இன்னொன்று. சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இரண்டு மூன்று வாரத்தில் இறங்குகிறது. கன்றின் சொந்தச் சக்தி அப்போதுதான் தலையெடுக்கிறது. இரண்டும் குறைவாக இருக்கிற அந்தப் பள்ளத்தில்தான் நாம் அதைப் பத்துப் பண்ணைக் கன்றுகளோடு நெருக்கி ஏற்றுகிறோம். வந்து சேர்ந்த முதல் சில வாரங்களில் நுரையீரல் நோயும் கழிச்சலும் அதிகமாவதும், அதற்கு ஆன்டிபயாடிக் போடுவதும் கன்றிறைச்சிப் பண்ணைகளில் தெரிந்த கதை. ஷெர்பூரில் இறங்கும்போது நன்றாகத்தான் இருந்தது என்று சொல்வதில் பொய் இல்லை. நோய் அதற்குப் பிறகு வருகிறது. ஐந்து வாரம் என்பது சும்மா போட்ட எண் இல்லை, தம்பி.

வெக்ஸ்போர்ட் கயல்:

நன்றி டாக்டர் ஐயா.

தம்பி, நியூசிலாந்துக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நான்கு நாளில் வெட்டுவது நல்லது என்று என் வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்பதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்? கன்றுகள் ஐந்து வாரம் பிறந்த பண்ணையிலேயே இருக்கட்டும். இங்கேயே வளர்க்க வழி செய்யட்டும். பக்கத்திலேயே பிரிட்டன் 2024இல் சட்டம் போட்டு, வட அயர்லாந்து நீங்கலாக, கால்நடைகளை வெட்டுக்கும் கொழுக்க வைப்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. பால் பண்ணைகள் அங்கேயும் இருக்கின்றன.

ஷெர்பூர்த் தொழுவத்தில் பால் கிடைக்கிறது என்றீர்கள். 2019இல் அந்த ஊர்ப் பக்கத்துத் தொழுவத்தில் எடுத்த மறைகாணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பால் குழாய்க்கு முண்டியடித்த கன்றுகளை அடித்து உதைத்தார்கள். அவை ஏன் அப்படி முண்டியடித்தன என்று யோசியுங்கள்.

மன்ஸ்டர் கறவை:

அந்தக் காணொளியைப் பார்த்தேன் அக்கா. அடித்தவனுக்காக ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்.

ஐந்து வாரம் வைத்துக்கொள்வது பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் பண்ணையில் ஆறு வாரத்துக்குள் 200 கன்று விழுகிறது. மூன்றாவது வாரமே கொட்டகை நிறைந்துவிடும். காளங்கன்றுகள் போனால்தான் பின்னால் வருவதற்குக் காய்ந்த வைக்கோல் படுக்கை கிடைக்கும். போகாவிட்டால் ஈரத்தில் நெருக்கமாகக் கிடக்கும், கழிச்சல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். கையால் கன்று அள்ளிப் புதைத்தவன் சொல்கிறேன், அது லாரியைவிட மோசம். அந்த மாதங்களில் நாங்கள் மூன்று பேர் நாளைக்குப் பதினான்கு மணி நேரம் நிற்கிறோம். சட்டம் வந்தால் கொட்டகையும் ஆளும் சேர்ந்து வர வேண்டும். அதற்குள் லாரியிலேயே பால் கொடுக்கிற கருவிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. முதலில் அதைக் கட்டாயமாக்கலாமே.

நாமக்கல் மருத்துவர் (ஓய்வு):

கருவி வரட்டும். பால் குடித்த கன்று ஆடுகிற கப்பலில் நின்றபடி எப்படிச் செரிக்கும் என்பதையும் பார்த்துவிட்டுக் கட்டாயமாக்கட்டும்.

கொட்டகை நிறைகிறது என்றால் பிறப்பிலேயே கைவைக்க வேண்டும். பாலினம் பிரித்த விந்து போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு கிடாரிக் கன்று. நல்ல பசுக்களுக்கு அதைப் போட்டு, மற்றதுக்கு இறைச்சி இனத்து விந்தைப் போட்டால் உள்ளூரிலேயே வளர்க்கத் தகுந்த கன்று பிறக்கும். கோபிக்காரருக்கும் இதுதான் பதில். நம் ஊரில் காளங்கன்றை யாரும் கப்பலேற்றுவதில்லை, பால் விடாமல் காயப்போட்டு விடுகிறோம். முப்பது வருடம் அந்த எலும்புக் கன்றுகளுக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருக்கிறேன். அவற்றுக்கு மருந்தைவிடப் பால்தான் தேவையாக இருந்தது.

கொங்குப் பால்காரர்:

டாக்டர் சொல்றது உண்மைதானுங்க. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை.

பொள்ளாச்சிச் சந்தைக்குச் செவ்வாயும் வியாழனும் நானும் மாடு ஓட்டிப் போயிருக்கேன். மடி பெருசாத் தெரியணும்னு முதல் நாள் சாயங்காலமே கறவையை நிறுத்திருவாங்க. கன்னுக்கு வாய்க்கூடு போட்டுத் தாய் பக்கத்துலயே கட்டி வண்டியில ஏத்துவாங்க. ஆந்திராவுலிருந்து வர்ற வண்டியில அது விடிய விடிய நடக்கும். சரக்கு வண்டியில ஆறு மாட்டுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு 1978லயே விதி இருக்குதுன்னு என் பையன் சொன்னான். ஆறோட நிக்கற வண்டியை நான் அதிகம் பார்த்ததில்லை. தாய் மடியில பால் கட்டி வலிக்குது, கன்னு அதைப் பார்த்துக்கிட்டே நிக்குது. அயர்லாந்துக் கன்னுக்கு எட்டாத தூரத்துல பால். நம்ம கன்னுக்கு ஒரு சாண் தூரத்துல.

பையன்கிட்ட சொல்லி அடுத்த சினைக்கு அந்தப் பிரிச்ச ஊசி கேட்டிருக்கேன். ஒரு ஊசி நிக்கலைன்னா அந்தக் காசும் போச்சுங்க, அதையும் சொல்லிடறேன். 5,320க்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

வெக்ஸ்போர்ட் கயல்:

சொல்கிறேன் அண்ணா. அந்த 5,320 பாலின் விலையில்தான் ஏற வேண்டும். நான் வாங்குகிற பாலிலும் சேர்த்துத்தான். இதுவரை அந்தக் காசைக் கன்று தன் பசியால் கட்டிக்கொண்டிருந்தது.

டிப்பரரித் தம்பி, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை உங்கள் கன்றுகள் போகும்போது, கடைசியாகப் பால் குடித்த நேரத்தையும் அடுத்த பால் கிடைத்த நேரத்தையும் குறித்துச் சொல்ல முடியுமா?

மன்ஸ்டர் கறவை:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். லாரி ஓட்டுகிற நண்பர் ஒருவர் நேரங்களைக் குறித்துக் கொடுத்தார். எல்லாம் அயர்லாந்து நேரம்.

கூட்டுமிடத்தில் பால் வைத்தது செவ்வாய் மதியம் 1 மணி. லாரியில் ஏற்றியது மாலை 4. ரோஸ்லேர் சேர்ந்தது 6:30. கப்பல் புறப்பட்டது இரவு 9:30. ஷெர்பூர் சேர்ந்தது புதன் பிற்பகல் 3:30. தொழுவத்தில் இறக்கி முடித்தது 4:45. எங்கள் கன்றுகள் நின்ற பட்டிக்குப் பால் வந்தது மாலை 6.

இருபத்தொன்பது மணி நேரம். கடல் அமைதியாக இருந்த நாள் அது. “ஒரு நாள் இடைவெளி” என்று நான் எழுதியது தவறு.

முதலாளியிடம் இந்தத் தாளைக் காட்டினேன். நல்ல மனிதர், ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் நாற்பது காளங்கன்றை ஐந்து வாரம் வைத்துக்கொள்ளப் பழைய வைக்கோல் கொட்டகையைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். கூரைக்கு எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கப்பலை முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்பதில் நான் இன்னும் உங்களோடு இல்லை அக்கா. கூரைக்காரர் சனிக்கிழமை வருகிறார்.