2 அடி ரீஃப் டேங்க்: நத்தை தங்க மாட்டேங்குது, பாசியும் அய்ப்டேசியாவும் ஏறிக்கிட்டே போகுது

காரைக்குடி நானோ:

பவளம் வளர்க்கிற கடல்நீர் டேங்க், 60×40×40 செ.மீ. கல், மணல் போக தண்ணி 75 லிட்டர் இருக்கும். 9 மாசம் ஆகுது. மீன் 2 க்ளவுன், 1 கோபி; பவளத்தில சோவா 4 கொத்து, மஷ்ரூம், ஒரு லெதர். தொங்கவிடுற ஸ்கிம்மர் (நுரையில அழுக்கைப் பிரிக்கிறது), வேவ்மேக்கர் (நீரோட்டப் பம்ப்) 1, லைட் 10 மணி நேரம். வீட்டின் இரண்டாம் கட்டில் வளவு (முற்றத்தைச் சுத்தின பகுதி) ஓரமா இருக்கு, மத்தியானம் முற்றத்து வெயில் ஒரு மணி நேரம் பக்கக் கண்ணாடியில் விழும்.

சலினிட்டி 1.025, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.04, கே.எச். (காரத்தன்மை) 8.2. கிட்டில் எல்லாமே நல்லாத்தான் காட்டுது. ஆனா கல் முழுக்கப் பச்சை முடிப் பாசி. பின் கல்லில் மட்டும் இறகு மாதிரி பிரிஞ்ச வேற ஒண்ணு, அது கையில பிடுங்கினா வர மாட்டேங்குது. அய்ப்டேசியா (களை மாதிரி பெருகுற சின்னக் கடல் அனிமோன்) எண்ணினேன், 12. கண்ணாடியில வெள்ளைச் சுருள் புள்ளிகள், ராத்திரியில மயிர்ப்புழு.

பாசி தின்ன டர்போ, செரித் நத்தை 2 மாசத்தில 9 விட்டேன், ஒண்ணுகூட மிச்சம் இல்லை. கிளீனர் இறால் தோல் உரிச்ச அன்னைக்கே போயிடுச்சு. மீனுக்கு ஒண்ணும் இல்லை. வெயிலுக்கு மேலே ஃபேன் ஓடுது, அதுல தண்ணி ஆவியாகுது, அதனால தினம் 2 லிட்டர் வீட்டு ஆர்.ஓ. தண்ணி ஊத்துறேன். எந்த மருந்து போட்டா பாசி போகும்?

தேவகோட்டை உப்புத்தண்ணி:

மருந்து பிறகு. மீன் நல்லா இருக்கு, நத்தையும் இறாலும் மட்டும் சாகுதுன்னா முதல் சந்தேகம் தாமிரம்தான். கொசுமருந்து புகையும் இறாலைக் கொல்லும், ஆனா நத்தை அதை ஓரளவு தாங்கும். இரண்டும் சேர்ந்து போவது தாமிரத்தின் கையெழுத்து.

மூணு கேள்வி. உங்க ஆர்.ஓ. மெஷினில் காப்பர் கார்ட்ரிஜ் இருக்கா? மினரல் கார்ட்ரிஜ் இருக்கா? பிடிச்ச தண்ணியை எதில் வைக்கிறீங்க?

காரைக்குடி நானோ:

காப்பர்னு மெஷின் மேலேயே எழுதியிருக்கு அண்ணே. மினரலும் உண்டு. வெளியே வர தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்ச உப்போட அளவு) 68. பிடிச்சு செப்புத் தவலையில வைப்போம், வீட்டில குடிக்கவும் அதுதான்.

தேவகோட்டை உப்புத்தண்ணி:

சரி, கிடைச்சிருச்சு. மனுஷனுக்கு நல்லதுன்னு சேர்க்கிற அதே தாமிரம் நத்தைக்கு நஞ்சு. குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் தாமிரம் லிட்டருக்கு 0.05 மி.கி. ஏற்கத்தக்க அளவு, வேறு வழியில்லாதபோது 1.5 வரை விடலாம். மீன் நோய்க்கு டேங்கில் போடும் தாமிர மருந்தே 0.15 முதல் 0.25 வரைதான், அந்த அளவில் நத்தை, இறால், பவளம் எதுவும் நிக்காது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணி. தாமிரம் டேங்கிலேயே நின்னு நாளுக்கு நாள் சேரும். நத்தை போனதும் பாசியை மேய ஆள் இல்லை, அதான் காடு.

செய்ய வேண்டியது:

மெஷினைத் திறந்து, மெம்பரேனுக்கு அடுத்து காப்பர், மினரல் கார்ட்ரிஜ் வருமுன்னே ஒரு டி இணைப்பு போட்டு தனிக் குழாய் எடுங்க. டி.டி.எஸ். கலக்கும் திருகு இருந்தால் அதற்கும் முன்னாலிருந்து எடுக்கணும், இல்லாட்டி மெம்பரேனைத் தாண்டாத தண்ணியும் கலந்து வரும். அந்தக் குழாயை, மிச்ச உப்பையும் உறிஞ்சுற மிக்ஸ்டு பெட் டி.ஐ. ரெசின் அடைச்ச 10 அங்குல ஹவுசிங்கில் கீழிருந்து மேலாக விடுங்க. வெளியே டி.டி.எஸ். 0. அது 1 காட்டினால் ரெசின் முடிஞ்சது, மாத்துங்க.

பிடிக்கிறது உணவுத்தர பிளாஸ்டிக் கேன் மட்டும். தவலை, குடம், பித்தளை அண்டா எதுவும் டேங்க் தண்ணி பக்கம் வரக்கூடாது. உப்புத் தண்ணி பட்டா இன்னும் வேகமாக் கரையும். பித்தளை நாசில் மாட்டிய ஹோசும் அதே கணக்கு.

ஏற்கனவே உள்ளதை இறக்க, தாமிரம் பிடிக்கும் ரெசின் பையோ பாலிஃபில்டர் துண்டோ நீரோட்டம் உள்ள இடத்தில் வைங்க. பாலிஃபில்டர் நீலமாச்சுன்னா தாமிரம் இருந்தது உறுதி. கூடவே கார்பன். வாரம் 15 லிட்டர் வீதம் நாலு வாரம் தண்ணி மாத்துங்க, உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம். கடைத் தாமிரக் கிட் சுழி காட்டுதேன்னு விட்டுடாதீங்க. நத்தையைக் கொல்லும் அளவு அந்தக் கிட்டின் கண்ணுக்கே படாது. கல்லிலும் மணலிலும் ஒட்டியது மெதுவாத்தான் வெளியே வரும்.

பள்ளத்தூர் ரீஃப்:

தண்ணீரை அவர் சொல்லிவிட்டார். பாசிக் கணக்கு மட்டும் நான்.

நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.04 என்று கிட் காட்டுவது தண்ணீரில் மிஞ்சியதை மட்டும். உள்ளே வருவதைப் பாசியே உறிஞ்சிவிடுகிறது. ஊற்றும் தண்ணீரில் நைட்ரேட் 5 பி.பி.எம். மட்டும் இருப்பதாக வையுங்கள் (ஆர்.ஓ. மெம்பரேன் நைட்ரேட்டை மற்ற உப்புகளைவிடக் குறைவாகவே தடுக்கும்). தினம் 2 லிட்டர், மாதம் 60 லிட்டர், 300 மி.கி. அதை 75 லிட்டரால் வகுத்தால் மாதம் 4 பி.பி.எம்., அதுவும் தீனி போடாமலே. நம் ஊர்க் கோடையில் ஃபேன் காற்று டேங்கை 2, 3 டிகிரி இறக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கான கூலியை ஊற்றும் தண்ணீர் வழியாகக் கொடுக்கிறோம். ஊற்றும் தண்ணீர் சுழியாக இருந்தால் மட்டுமே ஃபேன் லாபம்.

அடுத்து வெளிச்சம். முற்றத்து வெயில் விழும் பக்கத்தில் கருப்புத் தாள் ஒட்டிவிடுங்கள். லைட் 7 மணி நேரம் போதும், வெள்ளையைக் குறைத்து நீலத்தைக் கூட்டுங்கள். உறைந்த தீனியை வடிகட்டியில் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு அலசிப் போடுங்கள், அந்தச் சாற்றிலும் பாஸ்பேட் உண்டு.

முடிப் பாசியைக் கையால் எடுப்பதுதான் பெரிய வேலை. மாற்றப்போகும் 15 லிட்டரை முதலில் பக்கெட்டில் எடுத்து, அதிலேயே கல்லை வைத்துப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். டேங்கிற்குள் தேய்த்தால் துண்டெல்லாம் மறுபடி ஒட்டும். தேய்த்த கல்லின் மேல் 3 சத ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டு 3 நிமிடம் வைத்து, வேறு உப்புத் தண்ணீரில் அலசி உள்ளே வையுங்கள். மருந்துக்கடையில் கிடைப்பதில் 20 வால்யூம் என்று இருந்தால் அது 6 சதம், சம அளவு டி.ஐ. தண்ணீர் சேருங்கள். லெதர் மேல் சிந்த வேண்டாம். ஒரு வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்குக் கல் மட்டும். எல்லாக் கல்லையும் ஒரே நாளில் எடுத்தால் பாக்டீரியாவும் போகும். பாசி சில நாளில் வெளுக்கும். ஃபில்டர் பஞ்சை 2 நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் செத்த பாசி அங்கேயே அழுகித் திரும்ப உரமாகும்.

பின் கல்லில் இறகு போல் இருப்பது பிரையாப்சிஸ். அதற்குப் பட்டினி எடுபடாது, பிடுங்கினால் வேர் நின்று திரும்ப முளைக்கும். ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வேலை செய்யும்: லிட்டருக்கு 5 மி.கி., உங்களுக்கு 375 மி.கி. கணக்கு, 150 மி.கி. மாத்திரை என்றால் இரண்டரை. மருந்துக்கடையில் சீட்டு கேட்பார்கள்; மீன் கடையில் ரீஃப் டேங்குக்கென்றே பொடியாகக் கிடைத்தால் அது சுலபம். நன்றாகப் பொடித்து டேங்க் தண்ணீரில் கரைத்து வேவ்மேக்கர் முன்னால் ஊற்றுங்கள். கார்பனையும் ரெசினையும் எடுத்துவிட வேண்டும். ஸ்கிம்மர் பொங்கும், கப்பைக் கழற்றி வெறுமனே காற்றுக்காக ஓட்டுங்கள். குறைந்தது 14 நாள் தண்ணீர் மாற்றாதீர்கள், தேவைப்பட்டால் 21. முதல் வாரம் ஒன்றும் தெரியாது, அவசரப்பட்டு இரண்டாம் டோஸ் வேண்டாம். முடிந்ததும் 25 லிட்டர் மாற்றி, கார்பனைப் போடுங்கள்.

இப்போது வரிசை முக்கியம். தாமிரம் எடுக்கக் கார்பனும் ரெசினும் வேண்டும். ஃப்ளுகோனசோலுக்கு அவை இரண்டும் ஆகாது. அதனால் முதல் நாலு வாரம் தாமிரம், பிறகுதான் மாத்திரை. இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டும் கெடும்.

பாஸ்பேட் எடுக்கும் ஜி.எஃப்.ஓ.வை நிறையப் போட்டு 0.00க்கு இறக்கும் ஆசை மட்டும் வேண்டாம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் சுழியானால் பாசி போன இடத்தில் டைனோ என்ற நுண்ணுயிர் வரும்: பழுப்புச் சளி, நுனியில் காற்றுக்குமிழி, இரவில் மறைந்து மதியம் திரும்பும். அதோடு ஒப்பிட்டால் முடிப் பாசி விருந்தாளி. நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1, அங்கேயே நிற்கட்டும்.

வளவு வீடு:

ஆர்.ஓ., ரெசின்னு இவ்வளவு செலவு எதுக்கு? தொண்டி பக்கத்துலதானே, கேனில் கடல் தண்ணி பிடிச்சு வந்தா போச்சு. மண்டபம் பக்கம் நல்ல உயிர்க்கல்லும் (பாக்டீரியா குடியிருக்கிற கடல் கல்) கிடைக்கும். மேலே ஊத்த முற்றத்து மழைத்தண்ணி.

பள்ளத்தூர் ரீஃப்:

கல் பேச்சே வேண்டாம். கல் வடிவப் பவளங்கள் எல்லாம், கடல் விசிறி, நெருப்புப் பவளம், கடல் அட்டை, எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. உலர்ந்த செயற்கைக் கல்லும் ஒரு புட்டி பாக்டீரியாவும் போதும். அய்ப்டேசியாவும் கூடவே வராது.

தொண்டித் தண்ணீர் பாக் விரிகுடாவின் கரையோரத் தண்ணீர். ஆழம் குறைவு, கலங்கல் அதிகம், ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பும் இறங்கும். பாசி விதையோடுதான் வரும்.

மழைத்தண்ணீர் நல்ல யோசனை. முதல் இரண்டு மூன்று மழையை விட்டு, ஓடு நன்றாகக் கழுவப்பட்டபின் பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள், கீழே வரும் குழாயோ தகரமோ செம்பாக இல்லாமல் பாருங்கள். டி.டி.எஸ். குறைவாக இருக்கும், ஆனாலும் புறா எச்சமும் தூசும் உண்டு. கார்பன், ரெசின் வழியாக விட்டால் ரெசின் பல மடங்கு நாள் வரும்.

கானாடுகாத்தான் கடல்:

அய்ப்டேசியாவை யாரும் எடுக்கலையே, நான் சொல்றேன்.

சுரண்டாதீங்க, வெட்டாதீங்க. அடியில் ஒட்டிய துணுக்கு ஒவ்வொண்ணும் தனி அய்ப்டேசியாவா வளரும். 12 இருக்கும்போதே முடிச்சிடணும், 100 ஆனா கல்லையே மாத்தணும்.

நமக்குத் தெரிஞ்ச சுண்ணாம்புதான் மருந்து. கால்சியம் ஹைட்ராக்சைடு தூள் அரை டீஸ்பூன், சொட்டுச் சொட்டா டி.ஐ. தண்ணி விட்டு தோசை மாவு பதத்துக்குக் குழைச்சுக்கோங்க. வெற்றிலைச் சுண்ணாம்பும் அடிப்படையில் அதே பொருள்தான், ஆனா டப்பாவில் வாசனையும் வேற சரக்கும் கலந்திருக்கும். சுவருக்குப் பூசும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் வேண்டாம். தூய தூள் வாங்குங்க. 3 மி.லி. சிரிஞ்சில் தடிச்ச மழுங்கல் ஊசி மாட்டணும், மெல்லிசு அடைச்சுக்கும்.

வேவ்மேக்கரை நிறுத்தி 10 நிமிஷம் காத்திருங்க, அது வாய் விரிக்கும். ஊசியால தொடாம, அரை செ.மீ. மேலே இருந்து வாய்மேல் மெல்ல விழவிடுங்க. தொட்டா பொந்துக்குள்ள போயிடும், அன்னைக்கு விட்டுட்டு மறுநாள் பாருங்க. 15 நிமிஷம் கழிச்சு மிச்சக் கூழைக் குழாயால் உறிஞ்சிட்டுப் பம்பைப் போடுங்க. 75 லிட்டருக்கு ஒரு நாளைக்கு 3, 4 அய்ப்டேசியா, கூழ் 2 மி.லி.க்கு மேல போகக்கூடாது. பி.எச். 8.5 தாண்டினா நிறுத்துங்க. காலையில லைட் எரியுமுன்ன செய்தா பி.எச். தாழ்ந்திருக்கும், இடம் இருக்கும். பொந்துக்குள்ள ஒளியறவனுக்குப் பொந்தின் வாயையே சயனோஅக்ரிலேட் (சூப்பர் குளூ) ஜெல்லால் மூடிடுங்க.

வினிகரையும் ஊசியில ஏத்தலாம், ஆனா கீழே ஆத்தங்குடிக் கல் தளமா இருந்தா பழைய துணி விரிச்சுக்கோங்க. ஒரு சொட்டு போதும், பளபளப்பு போயிடும்.

பெப்பர்மின்ட் இறால் விடச் சொல்வாங்க. தாமிரம் இறங்காம விட்டா அதுவும் சாகும். கடையில வேற இறாலை அந்தப் பேரில் தந்திடுவாங்க, பாருங்க: பெப்பர்மின்ட் கண்ணாடி மாதிரி உடம்பில் மெல்லிசு சிவப்புக் கோடுகள். முதுகில் கூன், பெரிய கண், தடிச்ச சிவப்பு வெள்ளைக் கோடு இருந்தா அது கேமல், உங்க சோவாவையே தின்னும்.

வெள்ளைச் சுருள் புள்ளியும் மயிர்ப்புழுவும் எதிரி இல்லை. புழு பெருகுதுன்னா தீனி மிஞ்சுதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். வெறும் கையால மட்டும் தொடாதீங்க.

காரைக்குடி நானோ:

ரொம்ப நன்றி. மெஷினில் டி போட ஆளுக்குச் சொல்லியாச்சு. அது வர வரைக்கும் என்ன ஊத்துறது? நத்தை எப்ப விடலாம்?

தேவகோட்டை உப்புத்தண்ணி:

அதுவரை பேட்டரிக்கு விக்கிற டீமினரலைஸ்டு தண்ணி, டி.டி.எஸ். மீட்டரில் 0 காட்டினா மட்டும். ஃபேனை ராத்திரி நிறுத்தினா பாதி குறையும்.

நத்தை: நாலு தண்ணி மாற்றம் முடிஞ்சு, புது பாலிஃபில்டர் துண்டு ஒரு வாரம் நீலமாகாம இருந்தா ஒரே ஒரு டர்போ வாங்குங்க. 2 மணி நேரம் டேங்க் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்கி விடுங்க, கடைத் தண்ணி சலினிட்டி வேற, திடீர்னு விட்டா அதுவே கொல்லும். 3 வாரம் கண்ணாடியில ஏறி மேய்ஞ்சா இன்னும் 3 டர்போ, 5 செரித். மல்லாக்க விழுந்து எழும்பாம கிடந்தா, ரெசினை மாத்திட்டு மறுபடி தண்ணியிலிருந்து ஆரம்பிங்க.