புதுப்பிப்பு: மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வான் வண்டியில் குடும்பப் பயணம்

அம்மாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் வானில் போய்க் கொழும்பைச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி, போய் வந்தாச்சு.

இரவில் யானை குறுக்கே வரும் என்று நீங்கள் சொன்னதால் விடிந்த பிறகே ஹபரணையைத் தாண்டினோம். உண்மையில் கைகொடுத்தது, ‘கொழும்பு வெள்ளவத்தையில் வானை விட்டுவிட்டு ரயிலில் போங்கள்’ என்ற யோசனைதான். கோட்டை ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் தண்டவாளத்தை ஒட்டியே கடல். சின்னவள் ஜன்னலை விட்டு நகரவே இல்லை, முகமெல்லாம் உப்பு. இறங்கினால் புறக்கோட்டைக் கடைத்தெரு நடைதூரம். காலையில் வேலைக்குப் போகிறவர்களின் நெரிசல், கொஞ்சம் பிந்தி ஏறுங்கள். தெகிவளை மிருகக்காட்சிசாலைக்கு மட்டும் வானை எடுத்தோம்.

எதிர்பாராதது ஒன்று: காலிமுகத்திடலில் இறால் வடையைப் பார்த்த அம்மா, “நம்மட வாவி இறால் இதைவிடப் பெரிசு” என்றார். அப்புறம் நாலு வடை சாப்பிட்டார்.