மடக்கு ட்ரெட்மில்: இடம், ப்ளக், எண்ணெய், பெல்ட்

விடியல்நடை:

கடைக்குப் போகும் முன் இஞ்ச் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். மடக்கு ட்ரெட்மில் விரித்த நிலையில் சுமார் 150 முதல் 170 செ.மீ. நீளம், 70 முதல் 75 செ.மீ. அகலம் இருக்கும். கணக்கு அதோடு முடியாது. பெல்ட் ஆளைப் பின்னால் தள்ளும் என்பதால் பின்பக்கம் 2 மீட்டரும், இரு பக்கமும் அரை மீட்டரும் காலியாக இருக்க வேண்டும். 10க்கு 10 அறையின் நீளம் 305 செ.மீ. தான். 160 செ.மீ. மெஷினோடு 2 மீட்டரைச் சேர்த்தால் 360 ஆகிவிடுகிறது. அந்த அறையில் வைப்பதானால் மெஷினின் வால்பக்கம் வாசலைப் பார்த்திருக்கட்டும், ஓடும்போது கதவு திறந்திருக்கட்டும். பின்னால் சுவரோ கட்டிலோ இருந்தால், தடுமாறி விழுபவர் அதற்கும் ஓடும் பெல்ட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். அந்த உராய்வு சில நொடிகளில் தோலை உரித்துவிடும்.

மடக்கினால் இடமே வேண்டாம் என்று விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். மடக்கி நிறுத்தினாலும் 80, 90 செ.மீ. ஆழம் பிடிக்கும், ஒன்றரை வாஷிங் மெஷின் நிற்கும் தரை அது. கட்டிலுக்கு அடியில் போகிற அளவு தட்டையானது வேண்டுமென்றால் வாக்கிங் பேட் என்று தனி வகை இருக்கிறது: 12 முதல் 15 செ.மீ. உயரம், 20 முதல் 30 கிலோ எடை. பெரும்பாலும் 6 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடும். பலவற்றில் கைப்பிடி கிடையாது. வயதானவர்களுக்கும் தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் அதை வாங்கித் தராதீர்கள்.

மேலேயும் அண்ணாந்து பாருங்கள். 173 செ.மீ. உயரமுள்ளவர் 15 செ.மீ. மேடையில் ஏறினால் தலை 188 செ.மீ.க்குப் போய்விடும். ஓடும்போது இன்னும் 10 செ.மீ. எழும்பும். 7 அடிப் பரண் என்பது 213 செ.மீ. சாய்வும் வைத்தால் இடிக்காமல் தப்புவது கஷ்டம். பரணுக்கு அடியில் நிறுத்தி வைக்கலாம், ஓடக் கூடாது.

இன்னொன்று, பெட்டி. 160 செ.மீ.க்கு மேல் நீளம், 50, 60 கிலோ கனம். பழைய அடுக்குமாடி லிஃப்டில் படுக்க வைக்க முடியாது, நிறுத்தித்தான் ஏற்ற வேண்டும். லிஃப்ட் இல்லாத மாடிக்குத் தூக்கித் தருவார்களா என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டு வையுங்கள்.

ரோலர் மெக்கானிக்:

மோட்டாரின் குதிரைத் திறன் (எச்.பி.) பற்றிச் சொல்கிறேன், நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 'பீக்'. அது மோட்டார் சில நொடிகள் மட்டும் தாங்கும் உச்சம். நாம் கேட்க வேண்டியது தொடர் திறன், 'கன்டினியூவஸ்' என்று போட்டிருக்கும். 1 எச்.பி. என்றால் 746 வாட். 4 எச்.பி.க்கு 2984 வாட் வேண்டும். 230 வோல்ட்டில் 6 ஆம்ப் ப்ளக் கொடுக்கக்கூடியதே 1380 வாட் தான். 6 ஆம்ப் ப்ளக்கோடு வருகிற மெஷின் 4 எச்.பி.யில் தொடர்ந்து ஓடாது என்பதற்கு இந்தப் பெருக்கல் போதும்.

நடைக்கு மட்டும் என்றால் தொடர் திறன் 1.25 முதல் 1.5 எச்.பி. போதும். மெதுஓட்டத்துக்கு 2, தினமும் ஓடுபவருக்கு 2.5க்கு மேல். பெல்ட் அகலம் நடைக்கு 40, 42 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம். ஓட்டத்துக்கு 45க்குக் குறையக் கூடாது, நீளமும் 130 செ.மீ. வேண்டும். உயரமானவர் 110 செ.மீ. பெல்ட்டில் ஓடினால் காலடி பின் ரோலர் மூடிமேல் விழும். தாங்கும் எடை என்று போட்டிருப்பது உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாக இருக்கட்டும்.

ப்ளக்: 16 ஆம்ப் சாக்கெட், நல்ல எர்த், தனி லைன். ஃப்ரிட்ஜும் கீசரும் இருக்கிற லைனில் சேர்க்காதீர்கள். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மெல்லிய வயர் சூடாகும், மெஷினுக்கு வோல்டேஜ் குறையும், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டான கன்ட்ரோலர் அதை ஈடுகட்டக் கூடுதல் கரண்ட் இழுக்கும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிற ஊர்களில் 2 எச்.பி. மெஷினுக்கு 3 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது. வீட்டு இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம்மாடி:

அண்ணா, எண்ணெய் பற்றியும் சொல்லுங்கள். சிலர் தேங்காய் எண்ணெய் போடலாம் என்கிறார்கள், சிலர் தையல் மெஷின் எண்ணெய் என்கிறார்கள்.

ரோலர் மெக்கானிக்:

இரண்டும் வேண்டாம். நூறு சதவீத சிலிகான் எண்ணெய் மட்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளாக ஆக பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய், கிரீஸ் போன்ற பெட்ரோலிய வகைகள் பெல்ட்டின் அடித்துணியையும் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். துரு நீக்கும் ஸ்ப்ரே இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும்.

மெஷின் சாவதற்கு முதல் காரணம் காய்ந்த பெல்ட் என்று அடித்துச் சொல்வேன். பெல்ட்டுக்கு அடியில் இருப்பது மெழுகுப் பூச்சுள்ள மரப்பலகை. எண்ணெய் வற்றினால் உராய்வு ஏறும், மோட்டார் அதை வெல்லக் கூடுதல் கரண்ட் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோலர் போர்டு எரியும். ஆள் கனமாகவும் வேகம் குறைவாகவும் இருந்தால் இன்னும் மோசம். மோட்டாரின் விசிறி அதன் தண்டிலேயே இருக்கிறது, 2 கி.மீ. வேகத்தில் அது காற்றே தள்ளாது. மெதுவாகத்தானே நடக்கிறோம், மெஷினுக்கு என்ன கஷ்டம் என்று நினைக்க வேண்டாம்.

பார்க்கும் முறை: ப்ளக்கைப் பிடுங்கி, பெல்ட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஓரத்திலிருந்து கையை விட்டுத் தடவுங்கள். விரலில் வழுவழுப்பு ஒட்டினால் போதும். உலர்ந்திருந்தால் போட வேண்டிய நேரம். தினம் அரை மணி நேரம் ஓடுகிற வீட்டில் இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவைப்படும்.

போடும் முறை: பெல்ட்டை ஒரு பக்கம் தூக்கி, பாட்டிலின் நீள மூக்கை உள்ளே விட்டு, காலடி விழும் நடுப்பகுதியில் நெளிநெளியாக 10, 15 மி.லி. விடுங்கள். மறுபக்கமும் அதே அளவு. மொத்தம் 30 மி.லி.யைத் தாண்ட வேண்டாம், கூடினால் பெல்ட் வழுக்கும். பிறகு யாரும் ஏறாமல் 3 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு, அடுத்து 5 நிமிடம் பெல்ட்டின் முழு அகலத்திலும் கால் வைத்து நடந்தால் பரவிவிடும். சில மாடல்களில் பலகைக்கு நிரந்தர மெழுகு கொடுத்து எண்ணெயே போடாதே என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். அங்கே கையேடு சொல்வதுதான் சரி.

விடியல்நடை:

பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்குவதையும் சேர்த்துக்கொள்கிறேன். பின் ரோலரின் இரு முனையிலும் ஒவ்வொரு திருகு இருக்கும். மெஷினோடு வந்த எல் கீ அதற்குத்தான், தொலைத்துவிடாதீர்கள். ஆள் ஏறாமல் 4 கி.மீ. வேகத்தில் ஓடவிடுங்கள். பெல்ட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத் திருகைக் கடிகாரமுள் திசையில் கால் சுற்று. ஒரு நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள், பெல்ட் நகர நேரம் எடுக்கும். பொறுமையில்லாமல் முழுச் சுற்று திருகினால் மறுபக்கம் ஓடிப்போய் ஓரம் நார்நாராகக் கிழியும். தலைமுடி, புடவைத் தலைப்பு, தொங்கும் துண்டு எதுவும் ரோலர் பக்கம் போகக் கூடாது.

இறுக்கம் வேறு விஷயம். கால் வைக்கும்போது பெல்ட் ஒரு கணம் நின்று நின்று போனால் இரு திருகையும் சமமாகக் கால் சுற்று இறுக்குங்கள். ஆனால் அதற்கு முன் எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள், காய்ந்த பெல்ட்டும் இதே மாதிரிதான் திக்கும். மெஷின் நிற்கும்போது பெல்ட்டின் நடு ஓரத்தை 5 முதல் 7 செ.மீ. தூக்க முடிந்தால் இறுக்கம் சரி. வீணைத் தந்தி மாதிரி முறுக்கி வைத்தால் ரோலர் பேரிங்கும் மோட்டாரும் சேர்ந்து அடிவாங்கும்.

மூன்றாம்மாடி:

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு. கீழ்வீட்டுக்கு மோட்டார் சத்தம் கேட்பதில்லை, காலடி அதிர்வுதான் கேட்கும். அது காங்கிரீட் வழியாக இறங்குவதால் கதவை மூடிப் பயனில்லை. அறையின் நடுவில் தளம் அதிகமாக அதிரும், பீமும் தூணும் இருக்கிற ஓரத்தில் குறையும். அடியில் 8, 10 மி.மீ. ரப்பர் பாய் போடுங்கள். யோகா பாய் போட்டால் ஒரு வாரத்தில் கால்கள் அதில் குழி பறித்துவிடும். கீழ்வீட்டுப் படுக்கையறை எந்தப் பக்கம் என்று கேட்டு, அதற்கு மேலே வைக்காமல் இருப்பது பெரிய உதவி. விடியற்காலை 5 மணிக்கு நடை மட்டும், ஓட்டம் 7 மணிக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது.

தரை டைல்ஸைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் 'டொக்' என்று ஒலிக்கும். அந்த டைல்மேல் மெஷினின் கால் நின்றால் விரிசல் நிச்சயம்.

பால்கனியில் வைக்காதீர்கள். சாரல், தூசி, கடலோரமென்றால் உப்புக் காற்று. ரோலரும் திருகுகளும் துருப்பிடிக்கும், கன்சோல் பட்டன்கள் வேலை செய்யாமல் போகும்.

ரோலர் மெக்கானிக்:

மூன்றாம்மாடி சொன்னதோடு பல்லியையும் சேருங்கள். ப்ளக் போட்டபடியே விட்டால் கன்ட்ரோலர் இளஞ்சூடாக இருக்கும். அந்தச் சூட்டுக்குப் பல்லியும் எறும்பும் மோட்டார் மூடிக்குள் குடியேறும். பல்லி போர்டில் குறுக்கே விழுந்தால் ஃப்யூஸ் போகும், சில சமயம் போர்டே போகும். ஓடி முடித்ததும் சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கி விடுங்கள். வயர் நுழையும் இடுக்கைக் கொசுவலைத் துண்டால் மூடலாம், காற்றுத் துளைகளை அடைக்கக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து தூசி எடுக்க வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கி 10 நிமிடம் காத்திருந்த பிறகே கை வையுங்கள். போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், அது ஆபத்தான வோல்டேஜ். உலர்ந்த பெயிண்ட் பிரஷ் போதும், ஈரத்துணி வேண்டாம்.

பிழை எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள். ஆனால் இரண்டு குறைகள் எல்லா மெஷினிலும் வரும். ஒன்று: பெல்ட் சில நொடி ஓடி நின்றுவிடும். முன் ரோலரில் ஒட்டியிருக்கும் சிறு காந்தமும், அதை எண்ணும் சென்சாரும் விலகியிருக்கும். இடைவெளி 2, 3 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டு: திரையில் எழுத்து வராது, அல்லது வந்து வந்து போகும். திரையைத் தாங்கும் கம்பத்துக்குள் போகும் வயர் மடக்கும் மூட்டில் நசுங்கியிருக்கும். மடக்கு மெஷினுக்கே உரிய நோய் இது. முதல் நாள் கம்பத்தைப் பூட்டும்போது வயரை உள்ளே தள்ளிவிட்டுத் திருகுங்கள், பாதி நோய் வராது.

விடியல்நடை:

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதைப் படிக்காமல் போகாதீர்கள். 2021 மே மாதம் அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் தன் 'ட்ரெட் பிளஸ்' மெஷின்களில் சுமார் 1,25,000ஐத் திரும்பப் பெற்றது. ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும், மெஷினின் பின்பக்கம் குழந்தைகளை அடியில் இழுத்த பல சம்பவங்களும் அதற்குக் காரணம். வீட்டு ட்ரெட்மில் எதுவானாலும் பின் ரோலர் பக்கம்தான் பயப்பட வேண்டிய இடம். சிவப்புப் பாதுகாப்புச் சாவியை ஓடி முடித்ததும் எடுத்து உயரத்தில் வையுங்கள், அது இல்லாமல் பெல்ட் நகராது. மடக்கிய பின் பூட்டு விழுந்த சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கவனியுங்கள். மேடையைத் தாங்கி இறக்கும் கேஸ் சிலிண்டர் தண்டு பழசானால் மேடை மெதுவாக இறங்காது, தொப்பென்று விழும்.

ஓடும்போது சாவியின் கிளிப் சட்டையில் இருக்க வேண்டும், கைப்பிடியில் தொங்கக் கூடாது. ஏறும்போது இரு ஓரப் பட்டையில் கால் வைத்து நின்று, 1 கி.மீ. வேகத்தில் பெல்ட் நகர்ந்த பிறகே கால் வையுங்கள். 5 நிமிடம் 3 கி.மீ., பிறகு 5, 5.5 கி.மீ. முடிக்கும்போது திரும்ப 5 நிமிடம் குறைத்து இறங்குங்கள். உடனே நின்றால் சிலருக்குத் தலை சுற்றும். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி நடந்தால் உழைப்பு குறையும், தோளும் வலிக்கும். வெறுங்காலில் வேண்டாம், ஷூ போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஷூவைத் தெருவுக்குப் போடாதீர்கள், மணல் பெல்ட்டை அராவிவிடும். கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், அதனால் வேகமாக ஓடுபவர் கைக்கெட்டும் தூரத்தில் கைப்பிடி இருக்கும்படி முன்பக்கமாகவே ஓடுங்கள்.

திரையில் வரும் கலோரியை நம்பிச் சாப்பாட்டை முடிவு செய்யாதீர்கள். எடையைக் கேட்காத மெஷின் ஏதோ ஒரு சராசரி ஆளுக்குக் கணக்குப் போடுகிறது. நிமிடத்தை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு.

பழைய இரும்பு:

பழைய மெஷின் வாங்குபவர்களுக்கு. இரண்டு நிமிடம் ஓட்டிக் காட்டுவார்கள், அது போதாது. 20 நிமிடம் நீங்களே நடங்கள். மோட்டார் மூடிமேல் கை வைத்துப் பாருங்கள், எரிந்த வாடை வருகிறதா முகருங்கள். சுற்றுக்கு ஒருமுறை 'தட்' என்று வந்தால் பெல்ட் ஒட்டு பிரிகிறது. அரைபடும் சத்தம் வந்தால் ரோலர் பேரிங். பெல்ட்டைத் தூக்கிப் பலகையைத் தடவுங்கள். காலடி விழும் இடத்தில் பள்ளமோ வெள்ளைத் தேய்மானமோ இருந்தால் பலகையும் பெல்ட்டும் இரண்டுமே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைத் தின்றுவிடும்.

வேகம் சரியா என்றும் பார்க்கலாம். பெல்ட்டின் முழுச் சுற்றளவை அளந்து, ஓரத்தில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, 6 கி.மீ. வேகத்தில் ஓடவிட்டு 10 சுற்றுக்கு எத்தனை நொடி என்று எண்ணுங்கள். சுற்றளவு 2.6 மீட்டர் என்றால் 10 சுற்று 26 மீட்டர். 6 கி.மீ. வேகத்தில் அதற்கு 15.6 நொடி ஆக வேண்டும். 18 நொடி ஆனால் மெஷின் 5.2 கி.மீ. தான் ஓடுகிறது.

கன்ட்ரோலர் போர்டு இன்னும் கிடைக்கிறதா என்று மாடல் எண்ணைச் சொல்லி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். புதியதிலும் மோட்டாருக்கு 3 வருட உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டு, போர்டுக்கு 1 வருடம் மட்டும் கொடுத்திருப்பார்கள். போகிற பாகம் போர்டு.

வண்டியில் ஏற்றும்போது மேடையைக் கம்பத்தோடு கயிற்றால் கட்டுங்கள், பூட்டை மட்டும் நம்ப வேண்டாம். வீட்டில் இறக்கி வைத்ததும் அடியிலுள்ள கால்களைத் திருகி ஆட்டமில்லாமல் மட்டம் பாருங்கள். மட்டம் இல்லாத தரையில் பெல்ட்டை எத்தனை முறை மையப்படுத்தினாலும் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொண்டே இருக்கும்.