பெயின்டர்களுக்கு மட்டும் தனிச் சங்கம் இருந்த வரலாறு உண்டா?

குன்னூர் பெயின்டர்:
குன்னூர், கோத்தகிரி பக்கம் பெயின்ட் வேலை செய்கிறேன். சீசனுக்கு முன்னால் மூச்சுவிட நேரம் இருக்காது, ஜூனில் மழை பிடித்தால் வெளிச்சுவர் வேலை அப்படியே நின்றுவிடும், அப்புறம் பாக்கிக் கூலி கேட்டு அலைவதுதான். கட்டடச் சங்கத்தில் கொத்தனார்கள் பேச்சுதான் எடுபடுகிறது. பெயின்டர்கள் மட்டும் சேர்ந்து எங்காவது சங்கம் வைத்திருக்கிறார்களா?

ஊட்டிக்காரர்:
உண்டு தம்பி. அமெரிக்காவில் 1887-லேயே பால்டிமோரில் தொடங்கினார்கள், நடுவில் உடைந்து மறுபடி ஒன்றாகி இன்றும் இருக்கிறது. ஆனால் இந்த வரலாற்றில் கூலியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது ஈயம். அந்தக் காலத்துப் பெயின்ட், வெள்ளை ஈயத்தை (ஈயத்திலிருந்து செய்த வெள்ளைப் பொடி) ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. பழைய பூச்சை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பறக்கிற தூள் உள்ளே போய், தாங்க முடியாத வயிற்றுவலி வரும், மணிக்கட்டு வலுவிழந்து தொங்கிப்போய் பிரஷ் பிடிக்கவே முடியாமல் போகும். 1921-ல்தான் ஜெனீவாவில் ஐ.எல்.ஓ. (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) உடன்படிக்கை வந்தது: உள்பூச்சுக்கு வெள்ளை ஈயம் கூடாது (சில விலக்குகள் உண்டு), உலர்ந்தபடி தேய்ப்பதால் வரும் தூசியைத் தடுக்க வேண்டும், கை கழுவ வசதி தர வேண்டும். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐ, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி அமலானது 2017 நவம்பரில்! இங்கே பழைய பங்களா ஜன்னலைச் சுரண்டினால் பச்சை, வெள்ளை, மறுபடி பச்சை என்று அடுக்கடுக்காக வருமே, அடியில் இருப்பது எந்தக் காலத்துப் பூச்சோ. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், கை கழுவாமல் டீ கிளாஸைத் தொடாதீர்கள்.

கூடலூர் தோழர்:
நம் ஊர்க் கதையும் சொல்ல வேண்டும். 1918-ல் பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டபோது எதிரே ஒரே நிர்வாகம் இருந்தது. பெயின்டருக்கு வாரம் ஒரு முதலாளி, யாரிடம் போய் நிற்பது? அதனால்தான் கட்டடத் தொழிலாளர்கள் அரசிடம் சட்டம் கேட்டுப் போராடினார்கள். 1982-ல் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம், 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், 1996-ல் மத்திய சட்டமும் கட்டுமானச் செலவில் குறைந்தது ஒரு சதவீத நல வரியும் வந்தன. வாரியத்தின் தொழில் பட்டியலில் பெயின்டரும் உண்டு. முதலில் எல்லோரும் அதில் பதிந்துகொள்ளுங்கள்.

ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் சங்கம் என்பது பழைய கணக்கு. தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தத்துக்குப் பிறகு, சங்கத்தைப் பதிவு செய்யத் தொழிலில் உள்ளவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அத்தனை உறுப்பினர் வேண்டும். பிரிந்து போவதைவிட, இருக்கிற சங்கத்துக்குள்ளேயே பெயின்டர் கிளை கேளுங்கள்.

குன்னூர் பெயின்டர்:
நன்றி அண்ணா, நன்றி தோழர். கிளை வந்தால் முதல் கோரிக்கையாகச் சுரண்டும் வேலைக்கு மாஸ்க்கும் தனிக் கூலியும் வைக்கப் போகிறோம். இப்போது அதையும் பூச்சுக் கூலியிலேயே சேர்த்துவிடுகிறார்கள்.